ஓடுற பிள்ளைக்கு எந்த ஷூ?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு ஆள் போகாத தெரு குறைவு. நானும் 11 வருஷமா அப்பர் தைக்கிறவள். நாம தைக்கிற ஷூ கப்பலேறிப் போகுது. நம்ம பொண்ணு பள்ளிக்கூடத்து கேன்வாஸ் ஷூவோட ஓட்டப் பந்தயத்துக்குப் போகுது.

இந்த வருஷம் எங்க குழுவில் ஷூ வாங்க உள்கடன் கேட்டு நாலு பேருக்குத் தீர்மானம் எழுதினோம். நாலும் பெண் பிள்ளைகளுக்கு. சந்தோஷம்தான். ஆனா ஷூ காலைக் கடிச்சா பிள்ளை ஒரே வாரத்தில் கழட்டி வச்சிடும், ஓட்டத்தையும் விட்டுடும். தவணை மட்டும் பத்து மாசம் நிற்கும்.

"வளர்ற பிள்ளை"ன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்காதீங்க. ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் சுமார் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். ரெண்டு சைஸ் கூடினா குதிகால் உள்ளே ஏறி இறங்கும், கொப்புளம் வரும். நீளமான விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தா போதும். பல பேருக்கு ரெண்டாவது விரல்தான் நீளம், அதையும் பாருங்க. சாயங்காலம் கடைக்குப் போங்க. பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். சாக்ஸ் போட்டு, ரெண்டு காலிலும் மாட்டி, லேஸ் கட்டி, கடை வாசலில் நாலு தரம் ஓட விடுங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

அப்புறம் ஷூவை ரெண்டு கையாலும் மடக்கிப் பாருங்க. விரல் மடங்குற இடத்தில் மடங்கணும். நடுவில் துணி மாதிரி மடங்கினா வேண்டாம். உள்ளே கையை விட்டுத் தடவுங்க. தையல் மேடு விரலில் உறுத்தினா, ஓடும்போது அதே இடத்தில் தோல் உரியும். கலர், பளபளப்பு எல்லாம் விலைக்குத்தான், காலுக்கு இல்லை.

"நாங்க வெறுங்காலில் ஓடலையா?"ன்னு பெரியம்மாக்கள் கேட்பாங்க. 1960-ல ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலில் ஓடித்தான் ஜெயிச்சார். நிஜம். 1964-ல டோக்கியோவில் ஷூ போட்டும் ஜெயிச்சார். ஆனா ஸ்வப்னா பர்மனைப் பாருங்க. மேற்கு வங்கத்து ரிக்‌ஷாக்காரர் மகள். ரெண்டு காலிலும் ஆறாறு விரல். கடையில் கிடைக்கிற ஷூ எதுவும் சேராமல் வலியோடவே பயிற்சி எடுத்து, 2018 ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வாங்கினார். அதுக்கப்புறம்தான் அவர் காலுக்குன்னு தனியா ஷூ செய்ய கம்பெனி முன்வந்தது. நம்ம பிள்ளைக்கு அஞ்சு விரல்தானே, கொஞ்சம் பார்த்து வாங்கினா போதும்.

ஓடுற ஷூவின் உள் மெத்தை 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும்னு பொதுவா சொல்வாங்க. தினம் 4 கிலோமீட்டர், வாரம் ஆறு நாள் ஓடினா அஞ்சு மாசத்திலிருந்து எட்டு மாசம். அதனால அதே ஷூவை சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போட விடாதீங்க. நனைஞ்சா வெயிலில் வைக்காதீங்க, பசை விட்டுடும். உள்ளே பழைய பேப்பரைத் திணிச்சு நிழலில் காய வையுங்க.

ஷூவுக்குக் கடன் கேட்கிறவங்க, பிள்ளையைத் தாளில் நிற்க வச்சு ரெண்டு பாதத்தையும் வரைஞ்சு மனுவோட இணைக்கணும்னு ஒரு தீர்மானம் போடலாம். ஒரு கால் கொஞ்சம் பெருசா இருக்கும், பெரிய காலுக்கே வாங்கணும். வர்ற ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு நான் இங்கேயே இருப்பேன். பழைய ஷூவையும் எடுத்துட்டு வாங்க, அடி எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்குன்னு பார்க்கலாம். பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, அம்மா கால் அளவு உதவாது.