திரை இருண்டால்...

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராக்கெட், ரோபோ என்று ஏதாவது பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப் போவது வீட்டு மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி. பொறியியல் படித்தவன் என்று தெரிந்தாலே போதும், "தம்பி, ஸ்கிரீன் வரமாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்" என்று கூப்பிட்டுவிடுவார்கள். நீங்கள் சிவிலா, மெக்கானிக்கலா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை!

படம் வராவிட்டால் உடனே மானிட்டர் மேல் பழி போடுகிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயையா மாற்றுகிறோம்? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? படமும் அப்படித்தான். மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் பகுதி, கேபிள் எல்லாம் சரியாக இருந்தால்தான் மானிட்டருக்கு வந்து சேரும். எங்கே நின்றுபோனது என்பதே முதல் கேள்வி.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். பேத்தி பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும். மறுநாள் கடைசி நாள். திரை இருண்டுவிட்டது. "மானிட்டர் போச்சு, புதுசுதான் வாங்கணும்" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பென்ஷன் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். "ஐயா, ஒரு நிமிஷம் இருங்க" என்றேன். திரையில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து மிதந்தது. அந்த எழுத்தைக் காட்டுவதே மானிட்டர்தானே! அது போயிருந்தால் எப்படிக் காட்டும்? மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன். படம் வந்தது. அன்று இரவே அந்தப் பெண் பதிவை முடித்துவிட்டாள்.

நீங்களும் செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள்:

திரையில் கோடுகளோ புள்ளிகளோ தெரிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை உங்கள் போனில் திறந்து பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளே. இல்லாவிட்டால் கேபிளையும் மானிட்டரையும் முதலில் சந்தேகப்படலாம்.

1987இல் வந்த வி.ஜி.ஏ. இணைப்பு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி ஊசிகளில் வருகின்றன. வெள்ளைப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. ஊசி வளைந்திருக்கிறதா பாருங்கள்.

திரை முழுக்கக் கறுப்பா? அறை விளக்கை அணைத்து, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், போனது பின்னொளி மட்டுமே.

தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு, "புது கார்டு வேலை செய்யல" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

நிறுவனத்தின் சின்னம் தெரிந்து, விண்டோஸ் வரும்போது மட்டும் இருண்டால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். அதற்கும் சரியாகாவிட்டால் சேஃப் மோடில் போய்ப் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளை பெட்டியையும், பழைய பிக்சர் டியூப் மானிட்டரையும் திறக்கவே திறக்காதீர்கள். நம் 230 வோல்ட், அந்தப் பெட்டிக்குள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் மின்தேக்கியில் தங்கியிருக்கும். பிக்சர் டியூபிலோ இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல்!

தம்பி தங்கைகளே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் படம் வந்துவிடும். எதனால் வந்தது என்பது தெரியாது. அடுத்த முறையும் கடைக்குத்தான் ஓட வேண்டும். நம் ஆய்வகத்தில் கற்றுத் தந்தது இதைத்தான். நான்கு வருடப் படிப்பு ஒரு பெரியவரின் பென்ஷன் பணத்தைக் காப்பாற்றுமானால், அதுவும் பொறியியல்தான்.