வரம்பிலான் குணங்களும் வளனின் நாற்பெரும் அறங்களும்



இறைவனுக்குரிய குணங்கள் யாவை என்னும் ஆராய்ச்சி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்திலேயே இறைவனை எண்குணத்தான் என்றார். பரிமேலழகர் அவ்வெட்டினையும் சைவாகம நெறியில் எண்ணிக் காட்டினார். திருவில்லிபுத்தூர் மண்ணில் வைணவ உரை கேட்டு வளர்ந்தோர் ஞானம், பலம், ஐசுவரியம், வீரியம், சக்தி, தேசு என்னும் ஆறு குணங்களை நன்கறிவர். இத்தகைய மரபுகள் ஆழ வேரூன்றிய நாட்டில், கிறித்தவம் தன் இறைவனை எச்சொற்களால் அறிமுகம் செய்வது? 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் முதலாக, இங்குப் பணிபுரிந்த துறவியர் எதிர்கொண்ட முதல் இடர் இதுவே. சொல் பிழைபடின் பொருளும் பிழைபடும் அன்றோ!

ஆறு இலக்கணங்கள்

தமிழ்க் கத்தோலிக்க மறைக்கல்வி நூல்கள் இறைவனின் இலக்கணங்களை ஆறாக வகுத்தன. பிறிதொன்றைச் சாராது தானாய் இருத்தல்; தொடக்கமும் முடிவும் இன்மை; உடலின்மை; அளவற்ற நன்மையாய் விளங்குதல்; எங்கும் நிறைந்திருத்தல்; யாவற்றிற்கும் முதற்காரணமாதல் என்பன அவை. பரிமேலழகர் கூறும் தன்வயத்தன்மையோடு இவற்றுள் முதலாவது நெருங்கி நிற்றல் கருதத்தக்கது. எனினும் வேறுபாடும் உண்டு. தூய உடம்பு ஆண்டு ஒரு குணம். உடலின்மை ஈண்டு ஓர் இலக்கணம்.

இவ்வாறினையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இவை அனைத்தும் இறைவனுக்கு எல்லை இல்லை என்னும் ஒரே செய்தியைப் பல வாயிலாகக் கூறுகின்றன. காலத்தால் எல்லையில்லை, இடத்தால் எல்லையில்லை, நன்மையால் எல்லையில்லை.

நான்கு தலையாய அறங்கள்

மனிதனோ எல்லைக்கு உட்பட்டவன். அவனுக்கெனக் கூறப்பட்டவை விவேகம், நீதி, மனத்திடம், அளவுடைமை என்னும் நான்கு. கிரேக்க அறிஞர் பிளேட்டோ இவற்றை வகுத்துரைத்தார். சாலமோனின் ஞானம் என்னும் விவிலிய நூலும் இவற்றைச் சுட்டுகிறது. 4ஆம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோசு இவற்றைத் தலையாய அறங்கள் எனப் பெயரிட்டு வழங்கினார். அதற்கு அவர் ஆண்ட இலத்தீன் சொல், கதவின் குடுமியைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. கதவு எத்துணைப் பெரிதாயினும் குடுமியில் நின்றே சுழலும். வாழ்வும் அவ்வாறே இந்நான்கின்மேல் சுழலும் என்பது கருத்து.

இவற்றுக்கு நிகரானவற்றை வேற்று நாட்டில் தேட வேண்டுவதில்லை. திருக்குறளின் தெரிந்து செயல்வகை, நடுவுநிலைமை, இடுக்கண் அழியாமை, அடக்கமுடைமை என்னும் அதிகாரங்களே போதும். இவற்றுள் இரண்டு அறத்துப்பாலினும் இரண்டு பொருட்பாலினும் அமைந்துள்ளன. அவ்விரு பால்களையும் இலத்தீனில் பெயர்த்தவர் வீரமாமுனிவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

காப்பியத்தில் கண்ட விடை

1680இல் இத்தாலியில் பிறந்த அம்முனிவர், இராஜபாளையத்திற்குத் தென்கிழக்கே, கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியிலும் பணிபுரிந்தவர். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் அவர் யாத்த தேம்பாவணியின் தலைவன் வேந்தனும் அல்லன், வீரனும் அல்லன், மரவேலை செய்து உண்ட சூசை. மேலும் பெருகச் செய்வாராக என்னும் எபிரேயப் பெயரின் பொருளை உட்கொண்டு, வளன் எனத் தமிழ்ப்பெயர் சூட்டினார் முனிவர். நற்செய்தி நூல்கள் நான்கினும் இச்சூசை பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. வாய் திறவாத ஒருவனைக் காப்பியத் தலைவனாக்கியது ஏன்?

அவன் அறம் சொல்லில் இல்லை, செயலில் உண்டு என்பதே விடை. மணம் பேசப்பட்ட மரியாள் கருவுற்றமை கண்டு ஐயுற்றபோதும், அவளை ஊரறிய இகழாது மறைவாய் விலக நினைந்தான். அது கருணை கலந்த நீதி. இரவோடிரவாகத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்து சென்றது மனத்திடம். ஏரோதின் மகன் யூதேயாவை ஆள்வது அறிந்து கலிலேயாவிற்கு வழி மாற்றியது விவேகம். இறைமகனையே வளர்த்தும் தன்னை உயர்த்திக்கொள்ளாமை அளவுடைமை.

எல்லையற்ற பொருளை எல்லைக்குட்பட்ட மனிதன் கையில் ஏந்துவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு இப்பகுதியின் பெரியாழ்வார் முன்னரே ஒரு விடை தந்துள்ளார். அனைத்தையும் காக்கும் திருமாலுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சிப் பல்லாண்டு பாடிய அவர், அவனையே குழவியாக்கித் தாயாய் நின்று தாலாட்டினார். வளனோ தந்தையாய்த் தாங்கினான். இரு சமயங்களின் கொள்கைகள் வேறு. அவற்றை ஒன்றெனக் கூறுதல் இரண்டிற்கும் இழுக்காகும். ஆயினும் வரம்பற்றதன் முன் அன்பே வரம்புடையோன் செய்யத்தக்கது எனக் கண்ட உள்ளங்கள் ஒத்தவையே.

கவிஞர்க்கு ஒரு சொல்

தானாய் இருத்தல் இறைவன் ஒருவனுக்கே உரிய இலக்கணம். அதனைத் தனக்கு உரியதாக்கிக்கொள்ள முயலும் மனிதனிடம் செருக்குப் பிறக்கிறது. செருக்குப் பிறந்த இடத்தில் நீதி சாய்கிறது. சமயத்தின் பெயரால் மனிதர் பகை வளர்ப்பதும், தம் அளவை மறந்து வரம்பிலானின் இருக்கையில் தாமே அமர்வதனால் அன்றோ! நான்கு அறங்களுள் அளவுடைமையே இன்று பெரிதும் அருகி வருவது.

தேம்பாவணி பாடநூல்களில் சில பாடல்களாகவே பலர்க்கு அறிமுகமாகிறது. அதனை முழுதும் ஓதும் கவிஞர், சமயம் எதுவாயினும், பேசாத உழைப்பாளி ஒருவனைப் பாட்டுடைத் தலைவனாக்கும் துணிவைப் பெறுவர். இவ்விலக்கிய வட்டத்தின் பதினோராம் ஆண்டு அத்தகைய வாசிப்பிற்கு இடம் தருவதாகுக!