நெடுந்தூர ஓட்டமும் அதற்கு முன்னுள்ள நாட்களும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வரும் ஜனவரித் திங்களில் சென்னையில் நிகழவிருக்கும் மாரத்தான் ஓட்டத்திற்கு நம் சங்கத்து இளைஞர் பதினொருவர் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களைத் தடுத்தருளுக என்று பெற்றோர் சிலரும், ஊக்கமூட்டிப் பேசுக என்று காரியதரிசியவர்களும் என்னைப் பணித்தனர். இவ்விரண்டனுள் ஒன்றையும் முழுமையாகச் செய்ய யான் வந்திலேன். நாற்பது கடந்த யானும் அவ்வோட்டத்திற்கென ஐந்து திங்களாகப் பழகி வருகின்றேன். ஆதலின் அறிந்தவற்றைக் கூறுவேன்.

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகருக்கு வடகிழக்கேயுள்ள ஓர் ஊர். அம்மொழியில் அச்சொல் பெருஞ்சீரகத்தைக் குறிக்கும். அதனை நாம் சோம்பு என்கின்றோம். சோம்பலுக்கு முற்றும் பகையானதோர் ஓட்டத்திற்கு இப்பெயர் வாய்த்தது தமிழர்க்கு நகை விளைப்பதே! 1896-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் பந்தயத்தில் அவ்வூரினின்றும் ஏதென்ஸ் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடி வென்றவர் ஸ்பிரிடான் லூயிஸ் என்பார். இக்காலத்து அளவாகிய 42.195 கிலோமீட்டர், 1908-இல் லண்டனில் விண்ட்ஸர் கோட்டையில் தொடங்கி அரச குடும்பத்தார் வீற்றிருந்த மேடைக்கு எதிரே முடியுமாறு ஓட்டத்தை வகுத்தமையால் உண்டாயிற்று. 1921-இல் அதுவே நிலைபெற்றது.

அந்த லண்டன் ஓட்டத்தில் டொராண்டோ பியெட்ரி என்னும் இத்தாலியர் யாவர்க்கும் முன்னே அரங்கினுட் புகுந்தும், திசை தடுமாறிப் பன்முறை வீழ்ந்தார். பிறர் தாங்கிச் சேர்த்தமையால் பரிசும் இழந்தார். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. கடுவெயிலிலும் புழுதியிலும், தண்ணீர் அரிதாகிய வழியில் ஓடத் தொடங்கிய 32 பேருள் முடித்தவர் 14 பேரே. பெற்றோர் அஞ்சுவது வீணன்று என்பதற்கே இவற்றைச் சொன்னேன்.

எனினும் அஞ்ச வேண்டியது தூரத்தையன்று, பழகாமையையே. நாம் உண்ணும் சோறு முதலியவற்றின் மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் ஓரளவே சேர்ந்திருக்கும். விரைந்து ஓடுவார்க்கு அது 30 கிலோமீட்டர் அளவில் பெரும்பாலும் வற்றிவிடும். அப்பொழுது கால்கள் கல்லாகும். நாட்பட மெல்ல ஓடிப் பழகிய உடலோ கொழுப்பை மிகுதியாக எரித்து, அச்சேமிப்பைச் சிக்கனமாகச் செலவிடக் கற்கும். இது நான்கைந்து திங்களிற் கைவருவது. நான்கு வாரத்தில் வாராது. தசையும் மூச்சும் விரைவில் தேறினும், எலும்பும் தசைநாரும் தாமதித்தே உறுதிப்படும். ஆதலின் வாரத்திற்கொருமுறை நெடிய ஓட்டம் ஓடி, அதனைச் சிறிது சிறிதாக 30 கிலோமீட்டர் வரை உயர்த்துக. இறுதி இரண்டு மூன்று வாரங்கள் தூரத்தைக் குறைத்து இளைப்பாறுக. வாய்விட்டுப் பேச இயலும் வேகமே பழகுநர்க்கு உரியது. யான் ஓடுங்கால் நன்னூற் சூத்திரங்களை ஒப்பித்துப் பார்ப்பேன். மூச்சு இடைமுறிந்தால் வேகத்தைத் தணிப்பேன். எதிர்ப்படும் பால்காரர் என்ன நினைப்பரோ, அறியேன்!

வெறுந்தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தீது. குருதியில் உப்பு குறைந்து மயக்கமும் உயிர்க்கேடும் நேர்ந்ததுண்டு. தாகத்திற்கேற்பப் பருகுக, உப்பிட்ட மோர் நன்று. நெஞ்சில் வலி தோன்றின் அக்கணமே நிற்க. நாற்பது கடந்தார் முன்னரே மருத்துவரைக் காண்க.

இளைஞர்களே! இன்னும் ஏழு வாரமே உள. உங்களுள் எழுவர் இதுகாறும் 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை என்று கேட்டறிந்தேன். அவ்வெழுவரும் 10 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு மாறுமாறு வேண்டுகின்றேன். அதனாற் சங்கத்திற்கு இழுக்கென்று ஒருவர் சொன்னாராம். வழியில் வீழ்ந்த மகனை மருத்துவமனையிற் காணும் தாய்க்கு அதனைச் சொல்லிப் பார்க்கட்டும். ஏனைய நால்வரையும் பெற்றோர் தடுத்தல் வேண்டா. அவர்கள் மழைநாளிலும் தவறாது ஓடி வந்தவர்கள். பெண்மக்களும் வரலாம். ஒலிம்பிக்கில் பெண்டிர்க்கு இவ்வோட்டம் 1984-இல்தான் திறந்தது. நம் வீட்டுக் கதவு அத்துணைக் காலம் காத்திருத்தல் வேண்டா.

ஞாயிறுதோறும் காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் இருப்பேன். எழுவரும் அங்கு வந்தால் 3 கிலோமீட்டரிலிருந்து தொடங்குவோம்.