யார் எதை அறிந்து விடை சொன்னார்?



கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரியை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் தொழுகைக் கூடமும், பழைய பண்டகசாலைகளும், காற்றில் கலந்த மிளகின் மணமும் அவ்வூரின் அடையாளங்கள். மிளகை முன்பேரமாக விற்கவும் வாங்கவும் 1957-இல் அங்கு ஒரு வணிகர் சங்கம் தோன்றியது. எதிரில் இல்லாத சரக்கைப் பற்றி இன்றே முடிவு செய்வது முன்பேரத்தின் இயல்பு. அந்த ஊரை மனத்தில் நிறுத்தி, தருக்க நூலின் நுட்பமான பொருள் ஒன்றை இன்று நாம் சிந்திப்போம்.

தமிழ் வணிகர் ஒருவருக்கு இரு புதல்வர் எனக் கொள்வோம். மூத்தவன் மட்டாஞ்சேரியில் மிளகைப் பார்க்கிறான். இளையவன் போடிநாயக்கனூரில் ஏலக்காயைப் பார்க்கிறான். சரக்கு உலர்ந்திருக்கலாம், ஈரமாகவும் இருக்கலாம். ஒருவன் கண்டதை மற்றவனுக்குத் தெரிவிக்க வழியில்லை. தந்தை இட்ட கட்டளை இது: "இரண்டும் ஈரமாயிருந்தால் ஒன்றை அனுப்புங்கள், மற்றதை நிறுத்துங்கள், உலர்களத்தில் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு. ஏனைய நாள்களில் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள், அல்லது சேர்த்தே நிறுத்துங்கள்." புதல்வர் இருவரும் முன்னதாகவே கலந்து பேசி, இக்கட்டளையைத் தவறாது நிறைவேற்றும் திட்டம் ஒன்றை வகுக்க முடியுமா?

முடியாது. காரணத்தை நாமே கண்டறியலாம். இரண்டும் உலர்ந்த நாளில் இருவர் விடையும் ஒன்றாதல் வேண்டும். மிளகு உலர்ந்து ஏலம் ஈரமான நாளிலும் அவ்வாறே. ஆகவே, இளையவன் ஈரத்துக்குச் சொல்லும் விடையும் உலர்வுக்குச் சொல்லும் விடையும் ஒன்றே. மிளகு மட்டும் ஈரமான நாளைக் கருதினால், மூத்தவனுக்கும் இதுவே முடிபு. எனவே நான்கு விடைகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஆயின் இரண்டும் ஈரமான நாளில் விடைகள் வேறுபட வேண்டுமே! கட்டளை அங்கே முறிகிறது.

இனி, இளையவனுக்கு இரண்டு செய்தியும் எட்டுவதாகக் கொள்வோம். மூத்தவன் எந்நாளும் "அனுப்பு" என்பான். இளையவன் இரண்டும் ஈரமான நாளில் மட்டும் "நிறுத்து" என்பான். கட்டளை நிறைவேறிவிடும். கட்டளையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. யாருக்கு எது தெரியும் என்பது மட்டுமே மாறியது. முடியாதது முடிவதாயிற்று.

"எந்த நிலை நேரினும், தக்க விடை உண்டு" என்று அமையும் இத்தகைய கூற்றுகளை அளவையிட்ட பூலியன் வாய்பாடுகள் என்பர். வழக்கமான வாய்பாட்டில் மாறிகள் வரிசையாக நிற்கும். பின்னால் வருவது முன்னால் வந்த அனைத்தையும் அறியும். ஒவ்வொரு விடையும் எதனைச் சார்ந்தது என்று தனித்தனியே குறித்தால், அது சார்பு வாய்பாடு ஆகும். இதற்கு வித்தான கருத்தை லியான் ஹென்கின் 1961-இல் வெளியிட்டார். பீட்டர்சன், ரீஃப் என்னும் இருவர் 1979-இல் அதனைக் கணினி இயலுக்குக் கொண்டுவந்தனர்.

இவற்றை மறுத்து நிறுவும் முறைக்கு இரண்டு கடமைகள் உண்டு. உண்மையான கூற்றை ஒருபோதும் பொய்யென்று மறுத்தல் ஆகாது, இது வழுவாமை. பொய்யான கூற்று எதனையும் மறுக்காமல் விடுதல் ஆகாது, இது நிறைவு. வரிசை வாய்பாட்டுக்கு ஏற்ற விதிகளைச் சார்பு வாய்பாட்டுக்கு அப்படியே கொண்டுசெல்லலாமா? பெயர்ஸ்டார்ஃப், சியூ, ஷ்மிட், சுடா ஆகிய நால்வர் 2016-இல் இதனை ஆராய்ந்தனர். எளிய தீர்வு முறை வழுவவில்லை. ஆயினும் நிறைவை இழந்தது. நெடுந்தொலைத் தீர்வு எனப்படும் வலிய முறை வழுவிற்று. உண்மையையே பொய்யென்று மறுத்துவிட்டது. வரிசையில் முன்னவர் யார், பின்னவர் யார் என்பது தெளிவு. சார்பு பிரிந்த இடத்தில் அந்தத் தெளிவு இல்லை. வரிசையை நம்பி எழுந்த விதி, அங்கே தன் ஊன்றுகோலை இழக்கிறது.

இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். மின்சுற்று வரைவோர் சில பகுதிகளை வெற்றிடமாக விட்டு, எஞ்சியதை முதலில் அமைப்பதுண்டு. ஒவ்வொரு வெற்றிடமும் தன்னை வந்தடையும் கம்பிகளை மட்டுமே அறியும். அவ்வமைப்பை நிறைவு செய்ய இயலுமா என்பது சார்பு வாய்பாட்டு வினா. வழுவுடைய முறை "இயலாது" என்று சொல்லிவிட்டால், நல்ல அமைப்பு ஒன்று வீணே கைவிடப்படும்.

இத்துறையில் சென்னைக்கும் பங்குண்டு என்பது நமக்குப் பெருமை. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மீனா மகாஜன், பெயர்ஸ்டார்ஃப், பிளிங்கார்ன் என்பாருடன் கூடி, 2019-இல் ஒரு புதிய முறையை வெளியிட்டார். அதில் நிறுவலின் ஒவ்வொரு வரியும், எதிராளி எதைக் கண்டு எப்படி ஆடுவார் என்னும் திட்டத்தையும் உடன் சுமந்து செல்லும். சார்பு வாய்பாட்டுக்கு நீட்டியபோதும் அது வழுவாமையும் நிறைவும் உடையதாக விளங்கிற்று.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஊர்ச் செய்தி பாதியே எட்டுகிறது. நம் செய்தியும் ஊருக்குப் பாதியே எட்டுகிறது. இந்நிலையில் தமையன் செய்ததைத் தம்பி குறை கூறுவது எளிது. அதற்குமுன், அவனுக்கு எட்டிய செய்தி எது என்று கேட்பதே முறை. தருக்க நூலார் தம் விதிகளிடம் கேட்டதும் அக்கேள்வியே.