கதையில் சொல்லத் தகாதவை

கதையில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்னும் வழக்கு மிகப் பழையது. தீயவற்றைத் திரையிட்டு மறைப்பதே பண்பு என்பர் ஒரு சாரார். உள்ளதை உள்ளபடி விரித்துரைப்பதே உண்மை என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டிலும் சேராத வழி ஒன்று உண்டு. ஓர் உருதுச் சிறுகதையைத் தமிழாக்கியபோது நான் செய்த பிழையினால்தான் அதை அறிந்துகொண்டேன்.

கதையின் பெயர் ‘கோல் தோ’. எழுதியவர் சாதத் ஹசன் மண்டோ. 1941, 1942ஆம் ஆண்டுகளில் தில்லி வானொலியில் பணியாற்றி நாடகங்கள் பல எழுதியவர் அவர். தேசப் பிரிவினைக்குப் பின், 1948இல் லாகூரில் குடியேறினார். அக்காலத்து அவலங்களைக் கண்டு எழுதியது இக்கதை.

அமிர்தசரஸிலிருந்து அகதிகள் ரயிலில் வந்த சிராஜுத்தீன் என்னும் முதியவர், கலவரத்தில் மனைவியை இழந்தவர். மகள் சகீனாவையும் காணாமல் முகாமெங்கும் தேடுகிறார். லாரியும் துப்பாக்கியும் கொண்ட எட்டு இளைஞர்கள் அவளைத் தேடித் தருவதாக வாக்களிக்கிறார்கள். அவளைக் கண்டுபிடித்து, ஆறுதல் கூறி, லாரியிலும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனால் தந்தையிடம் கொண்டு சேர்க்கவில்லை. சில நாட்களுக்குப்பின் ரயில் பாதையருகே நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணை முகாம் மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். அவள் சகீனா. மருத்துவர் தந்தையிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். அச்சொல்லைக் கேட்டதும், உயிரற்றது போலிருந்த அவளுடைய கைகள் அசைந்து உடையின் நாடாவை அவிழ்க்கின்றன. மகள் உயிரோடிருக்கிறாள் என்று தந்தை மகிழ்ந்து கூவுகிறார். மருத்துவருக்கோ உடலெல்லாம் வியர்த்துவிடுகிறது. கதை அங்கே நின்றுவிடுகிறது.

அவளுக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி மண்டோ ஒரு வரியும் எழுதவில்லை. உருதுவில் ஜன்னலைத் திறப்பதற்கும் முடிச்சை அவிழ்ப்பதற்கும் வினைச்சொல் ஒன்றே. கதை முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. தமிழில் திறப்பது வேறு, அவிழ்ப்பது வேறு. வாசகருக்கு விளங்காமற் போகுமோ என்று அஞ்சி, அந்த எட்டுப் பேரும் அவளைச் சீரழித்ததைக் கூறும் வாக்கியம் ஒன்றை நானாகவே சேர்த்தேன்.

கைப்பிரதியைப் படித்த மூத்த நண்பர் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, “இதை யார் சொல்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தந்தை அதை அறியார். சகீனாவோ பேசும் நிலையில் இல்லை. மருத்துவர் அக்கணத்தில்தான் உணர்கிறார். அந்த வாக்கியம் நடந்ததை அருகில் நின்று வேடிக்கை பார்த்தவனுடைய வாக்கியமாக இருந்தது. அதை அடித்துவிட்டேன். ‘திற’ என்ற சொல்லுக்கு அவள் கைகள் நாடாவை அவிழ்ப்பதைக் கண்டு தமிழ் வாசகர் சற்றுத் தயங்கலாம். ஆனால் அத்தயக்கம் நீங்கும்போது மருத்துவரின் வியர்வை அவருக்கும் அரும்பும்.

இஸ்மத் சுக்தாய் 1942இல் வெளியிட்ட ‘லிஹாஃப்’ கதையும் இவ்வகையதே. கணவனால் புறக்கணிக்கப்பட்ட ஒரு பேகத்துக்கும் அவளுடைய பணிப்பெண்ணுக்கும் உள்ள உறவு அதன் பொருள். ஆனால் அதைக் காண்பவள் ஒரு சிறுமி. இரவில் பேகத்தின் போர்வை அசையும்போது, சுவரில் விழும் நிழல் அவளுக்கு யானையாகத் தோன்றுகிறது. லாகூர் நீதிமன்றத்தில் இக்கதைமீது ஆபாச வழக்கு நடந்தது. சாட்சிகளால் ஆபாசமான ஒரு சொல்லையும் சுட்டிக்காட்ட முடியவில்லை என்று இஸ்மத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இருவரும் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கருத வேண்டும். யாருடைய கண்வழியே காட்டுவது, எவ்விடத்தில் நிறுத்துவது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கொடுமையை விரித்தெழுதும்போது துன்புற்றவள் மீண்டும் ஒருமுறை பலர்முன் நிறுத்தப்படுகிறாள். எழுதாமலே விட்டாலோ, அவளுக்கு ஒன்றுமே நேரவில்லை என்றாகிவிடுகிறது.

ஆகவே, இத்தகைய பொருளை எழுதப் புகுவோர் ஒவ்வொரு வரியிலும் அந்த நண்பரின் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நலம். விடை கிடைக்காத வரியை அடித்துவிடலாம்.