பின்வரிசைப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம்

(அறநிலையத்தின் ஆண்டு விழாவில் ஆலயச் செயற்குழு உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆற்றிய உரை)



கல்வி நிதியைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் என்னைப் பணித்தார்கள். நிதிக் கணக்கைப் பொருளாளர் விளக்கமாகவே சொல்லிவிட்டார். ஆகவே நான் ஒரு பையனைப் பற்றிச் சொல்லுகிறேன்.

2022-ஆம் ஆண்டு, கிள்ளானில் நம் ஆலய மண்டபத்தில் சமய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுவன் தேவாரத்தைக் கணீரென்று பாடினான். கேட்டவர்கள் மெச்சினார்கள். நான் அருகில் சென்று பார்த்தேன். அவன் கையிலிருந்த புத்தகத்தில் வேறு ஏதோ ஒரு பக்கம் திறந்திருந்தது! பாட்டைக் காதால் கேட்டு மனனம் செய்திருக்கிறான். எழுத்தைப் பார்த்துப் படிக்க அவனுக்குத் தெரியவில்லை.

அவனுடைய பாட்டியிடம் பக்குவமாக விசாரித்தேன். "வாத்தியாரையா, இவன் மக்கு இல்லீங்க. சொன்னா உடனே பிடிச்சுக்குவான். படிக்கச் சொன்னா மட்டும் அழுவுறான்" என்றார் அந்த அம்மையார்.

அவர் சொன்னது உண்மை. அவன் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2020 ஜனவரியில். அவ்வாண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. எழுத்துக்கூட்டக் கற்க வேண்டிய காலத்தில், வீட்டிலிருந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே கைத்தொலைபேசி. மூத்தவர்களின் பாடம் முடிந்து அது இவன் கைக்கு வருவதற்குள் ஆசிரியரின் வகுப்பு முடிந்திருக்கும்.

முதல் மூன்று ஆண்டுகளில் வாசிப்பு கைகூடாவிட்டால் மற்றப் பாடங்களும் சாய்ந்துவிடும். இதை உணர்ந்துதான் 2010-இல் கல்வியமைச்சு 'லினுஸ்' திட்டத்தைத் தொடங்கி, அந்த வயதுப் பிள்ளைகளின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. பள்ளிகளில் குறைநீக்கல் வகுப்புகளும் உண்டு. ஆனால் ஓர் ஆசிரியர் எத்தனை பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார முடியும்? தமிழ்ப்பள்ளியை முடித்து, மலாய்மொழியில் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களுள் பலருக்கு ஆரம்ப வாசிப்பிலேயே தடுக்கல் ஏற்பட்டிருந்தது.

வாரத்தில் மூன்று மாலை, பூசைக்கு முன் நாற்பது நிமிடம் அவனோடு உட்கார்ந்தேன். முதலில் கண் பார்வையையும் செவியையும் சோதிக்கச் சொன்னேன், குறை ஒன்றுமில்லை. பிறகு அவன் எங்கே நின்றுவிட்டான் என்று தேடினேன். உயிரெழுத்து தெரியும், மெய்யெழுத்து தெரியும். 'கொடி' என்று எழுதினால் 'கெரடி' என்பான். கொம்பைத் தனியாகவும் காலை 'ர' என்றும் படித்திருக்கிறான். எழுத்துக்கு முன்னே நிற்கும் கொம்பு ஒலியில் பின்னே வரும் என்பதை யாரும் அவனுக்குப் பொறுமையாகக் காட்டவில்லை. மூன்றாம் ஆண்டுப் பாடநூலை மூடி வைத்தோம். கொம்பும் காலும் வரும் சொற்களிலிருந்து தொடங்கினோம்.

முறை மிகவும் எளிது. ஒரு சிறு பத்தியை முதலில் நான் படிப்பேன். பிறகு இருவரும் சேர்ந்து படிப்போம். பிறகு அவன் தனியே படிப்பான். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுமாறினால் அந்தப் பாடம் கடினம் என்று எளியதை எடுப்போம். தப்புக்குத் திட்டு கிடையாது. அண்ணன் தங்கையோடு ஒப்பிடுவதும் கிடையாது. ஒன்பது மாதம் ஆயிற்று. ஒரு நாள் மண்டப வாசலில் நின்று, அன்னதான உபயகாரர்களின் பெயர்ப் பலகையை மேலிருந்து கீழ்வரை அவனே படித்தான். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படித் தேறுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கும். அது சோம்பலும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. அத்தகைய பிள்ளைகளை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் அனுப்ப வேண்டும்.

சமயமும் கல்வியும் கைகோத்துச் செல்வது நமக்குப் புதிதன்று. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் 1904-இல் தோன்றியது. அதன் பெயர் தாங்கிய பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் படித்தார்கள். 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களையே தொண்டர்களாக்கி நாடெங்கும் பிரத்தியேக வகுப்புகளை நடத்தியது. முன்னே படித்தவர் பின்னே வருபவருக்குக் கைகொடுத்தார்.

இவ்வளவு சொல்லும் நான் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் எனக்குத் தேர்வு முடிவுதான் பெரிதாக இருந்தது. படிக்கத் திணறிய ஒரு மாணவனைப் பின்வரிசையில் உட்காரவைத்தேன். சத்தம் போடாத பையன். அதனால் மறந்தும் போனேன். பல ஆண்டுகளுக்குப் பின் திருவிழா நாளில் அவர் குடும்பத்தோடு வந்து உபயம் செலுத்தினார். பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னேன். "கண்ணாடிய மறந்துட்டேன் சார், நீங்களே எழுதிடுங்க" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொடுத்தேன். அன்று இரவு எனக்கு உறக்கமில்லை. அவருக்கு நான் கொடுக்காத மணி நேரத்தைத்தான் இன்று மண்டபத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்பர்களே, நீங்கள் தரும் பணத்தால் புத்தகம் வாங்குகிறோம், மேசை நாற்காலி போடுகிறோம். அதற்கு நன்றி. ஆனால் அன்னதானத்தில் ஆயிரம் பேருக்கு ஒரே அண்டாவில் சமைக்கலாம். வாசிப்பை அப்படிப் பரிமாற முடியாது. ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். இப்போது நம் மண்டபத்தில் பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். உட்கார நான்கு பேர்தான் இருக்கிறோம்.

ஓய்வுபெற்றவர்களே, இல்லத்தரசிகளே, கல்லூரி மாணவர்களே, ஆசிரியப் பயிற்சி வேண்டுமென்று தயங்காதீர்கள். தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும், பொறுமை வேண்டும், சொன்ன நாளில் தவறாமல் வரவேண்டும். வாரம் ஒரு மணி நேரம் தாருங்கள். காணிக்கைப் பதிவேட்டின் அருகே இன்று இன்னொரு பதிவேடும் வைத்திருக்கிறோம். அதில் தொகைக்குப் பதிலாக உங்களுக்கு வசதியான கிழமையை எழுதுங்கள்.