உடையும் உபசாரமும்



நம்மிற் பலர் விடுமுறைக் காலத்திற் புடைவைக் கடைகளில் வேலை செய்கின்றோம். முதலாளி சொல்லித் தராமலே அங்கு நாம் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுண்டு: வருபவரின் காலைப் பார்ப்பது. சப்பாத்தென்றால் கதிரை, வெறுங்காலென்றால் "என்ன வேணும்?"

யாழ்ப்பாணத்தில் இது வியாபாரக் கணக்குக்கே ஒவ்வாது. 1977இல் இறக்குமதி தளர்த்தப்படும்வரை, மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது கட்டுப்பட்டிருந்த சில ஆண்டுகளில், வலிகாமத்துத் தோட்டக்காரர் கையில் நல்ல பணம் புழங்கிற்று. சுன்னாகம் சந்தையில் மூடையை விற்றவர் செம்மண் படிந்த வேட்டியோடுதானே கடையேறுவார்? அந்தச் செம்மண்ணே மடியிற் காசு உண்டென்பதற்கு அடையாளம். கொப்பியிற் கடன் எழுதுவிப்பவர் சலவைச் சட்டைக்காரராயிருக்கவும் கூடும்!

"தீபாவளி நெருக்கத்தில் ஆளைப் பாராமல் முடியுமா?" என்று பெரியவர்கள் கேட்பர். நியாயந்தான். ஆனால் யாருக்கு, என்ன விசேஷத்துக்கு என்று இரண்டு வார்த்தை விசாரித்தாற் போதும். உடை சொல்லாததை அது சொல்லிவிடும். அவர் கேட்குமுன்னே "அது விலை கூட" என்பதுதான் பெருங் கொடுமை. விலைச்சீட்டை அவருக்கும் வாசிக்கத் தெரியும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கடையிலுள்ள பொருளை விற்க மறுப்பதைத் தடுக்கின்றது. முகஞ் சுளிப்பதைத் தடுக்க எந்தச் சட்டத்தால் முடியும்?

உண்மையிலேயே காசில்லாதவர் வந்தால்தான் என்ன? மகளின் கலியாணத்துக்கு ஆறு மாதம் இருக்க, விலை அறிந்துபோக வந்திருக்கலாம். அவருக்கும் கூறையை விரித்துக் காட்டுவோம். திரும்ப மடித்து வைக்க இரண்டு நிமிடந்தான் செல்லும்.